பழுது எந்தப் பக்கம்? கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு லீஸ்டு லைன் ஆய்வு

தாலுகா அலுவலகத்தில் கம்ப்யூட்டர் திரை உறைந்து நின்றால் மூன்று பேருக்குப் போன் போகிறது. ரவுட்டரைப் பராமரிக்கும் நிறுவனத்தின் இன்ஜினியர் ஒருவர். லைன் கொடுத்திருக்கும் தொலைபேசி நிலையத்தின் (எக்ஸ்சேஞ்ச்) இளநிலைத் தொலைத்தொடர்பு அதிகாரியான ஜே.டி.ஓ. இன்னொருவர். மாவட்டத் தலைநகரில் மறுமுனையைப் பார்த்துக்கொள்பவர் மூன்றாமவர். "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்" என்று மூவரும் சொல்வார்கள். கேட்கிற ஊழியருக்கு எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் மூவரும் பொய் சொல்வதில்லை. ரவுட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எக்ஸ்சேஞ்சில் விளக்குகள் பச்சையாகத்தான் எரியும். மறுமுனையில் மற்ற அலுவலகங்கள் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். ஆட்களை நாள்கணக்கில் அலைக்கழிக்கிற பழுதுகள் இந்த மூவரின் எல்லைகள் ஒட்டும் இடங்களில் இருக்கின்றன. மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவே தொங்கும் கேபிள், இரு கருவிகளும் ஒத்துப்போகாத கடிகாரம், அனுப்பிய சிக்னலை அப்படியே திருப்பி அனுப்பச் சோதனைக்காகப் போட்டுவிட்டு எடுக்க மறந்த லூப். யாருடைய பொறுப்புப் பட்டியலிலும் முழுதாக அடங்காதவை இவை.

கள்ளக்குறிச்சிக்கு இது வெறும் தொழில்நுட்பக் கேள்வி அல்ல. 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகும்வரை இந்த ஊரின் அரசு அலுவலகங்களுக்குத் தலைமையிடம் சுமார் 80 கிலோமீட்டர் தள்ளியிருந்த விழுப்புரம். மேற்கே கல்வராயன் மலை. சின்னக் கல்வராயன் சராசரியாக 2700 அடி, பெரிய கல்வராயன் 4000 அடி. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் மீது ஜாகிர்தார்களின் ஆட்சி 1976 வரை நீடித்தது. அதன் பிறகுதான் வருவாய் நிர்வாகம் முழுதாக மலையேறியது. பழங்குடியினர் சாதிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தரவேண்டும். கல்லூரியில் சேர நிற்கும் பிள்ளைக்காக வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து இறங்கி வரும் தாய்க்கு, "நெட் இல்லம்மா, நாளைக்கு வாங்க" என்ற பதில் ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் தின்றுவிடுகிறது. அவர் பார்க்காத ஒரு கம்பியின் பழுதைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது அவருக்குச் செய்யவேண்டிய கடமை.

லீஸ்டு லைன் என்பது நம்பர் சுழற்றாமல் எந்நேரமும் இரண்டு இடங்களை இணைத்து வைத்திருக்கும் வாடகைத் தொலைபேசித் தடம். இந்தியாவில் கம்ப்யூட்டர்களை இணைக்க அது பெரிய அளவில் பயன்பட்டது கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களை இணைத்த எர்நெட் திட்டத்தில். 1990 வாக்கில் சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் மும்பையின் என்.சி.எஸ்.டி.யும் விநாடிக்கு 9.6 கிலோபிட் ஓடும் லீஸ்டு லைன்களால் பிணைக்கப்பட்டிருந்தன. பிறகு வங்கிகள் வந்தன, காப்பீட்டு அலுவலகங்கள் வந்தன. 2005 மார்ச்சில் மத்திய அரசு ஸ்வான் எனப்படும் மாநில அளவிலான விரிபரப்பு வலைப்பின்னல் திட்டத்துக்கு 3,334 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் தந்தது. மாநிலத் தலைநகரிலிருந்து மாவட்டத்துக்கும், அங்கிருந்து ஒன்றியங்களுக்கும் குறைந்தது 2 மெகாபிட் இணைப்பு என்பது அதன் அடிப்படை விதி. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம் அதைக் கட்டியெழுப்பியது. ரவுட்டரின் சீரியல் போர்ட் என்ற சொல் மாவட்டங்களின் அலுவலக அறைகளுக்குள் நுழைந்தது இப்படித்தான்.

ஒரு லைனின் உடற்கூறு தெரியாமல் பழுது பார்க்க முடியாது. ரவுட்டரின் பின்புறம் சீரியல் கார்டு. அதிலிருந்து தடித்த வி.35 கேபிள். அதன் மறுமுனையில் 34 ஊசிகள் கொண்ட, உள்ளங்கை அகலக் கருப்புப் பிளாக். அது போய்ச் சேரும் பெட்டி என்.டி.யு. எனப்படும் மோடம். அதிலிருந்து ஒரு ஜோடிச் செம்புக் கம்பி சுவர் வழியே வெளியேறி டி.பி. என்ற விநியோகப் பெட்டிக்கும், தெருமுனைப் பில்லருக்கும், எக்ஸ்சேஞ்சில் எல்லாக் கம்பிகளும் வந்து சேரும் எம்.டி.எஃப். சட்டத்துக்கும் போகிறது. அங்கிருந்து மல்டிபிளெக்சர், கண்ணாடியிழை அல்லது மைக்ரோவேவ். மறுமுனையில் இதே வரிசை தலைகீழாக. விழுப்புரம் வரை 80 கிலோமீட்டர் என்றாலும் அதில் செம்பு இரு கோடிகளிலும் சில கிலோமீட்டர்தான். பிஎஸ்என்எல் இந்த ஏற்பாட்டை எம்.எல்.எல்.என். என்ற பெயரில் நடத்தியது. நடுவிலுள்ள பகுதியைத் தொலைவிலிருந்தே கண்காணிக்கும் வசதி அதற்கு இருந்தது. அதனால் எக்ஸ்சேஞ்ச் ஆட்கள் "நடுவில் சரி" என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். சந்தேகம் இரு கோடிகளின் மேல்தான் விழவேண்டும்.

வி.35 என்ற அந்தத் தரம் 1968-இல் 48 கிலோபிட் மோடத்துக்காக எழுதப்பட்டது. சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு அதை 1988-இல் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனாலும் உலகம் முழுக்க அதே 34 ஊசிப் பிளாக் இன்னும் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்தது.

ரவுட்டரிடம் கேட்டால் அது பதில் சொல்லும். சிஸ்கோ கருவிகளில் 'ஷோ இன்டர்ஃபேசஸ் சீரியல்' என்று அடித்தவுடன் வரும் முதல் வரியில் இரண்டு தகவல்கள் இருக்கும். சீரியல் போர்ட் அப்பா, டவுனா என்பது ஒன்று. லைன் புரோட்டோகால் அப்பா, டவுனா என்பது மற்றொன்று. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள். முதலாவது, மோடம் கேரியர் சிக்னலைத் தருகிறதா என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, மறுமுனை ரவுட்டரோடு உண்மையில் பேச்சு நடக்கிறதா என்பதைச் சொல்கிறது.

இரண்டுமே டவுன் என்றால் கை முதலில் போகவேண்டிய இடம் மேசைக்குப் பின்புறம். மோடத்துக்குக் கரண்ட் இருக்கிறதா? செம்புப் பக்கத்து விளக்கு நிலையாக எரிகிறதா, கண் சிமிட்டுகிறதா? கேபிளின் திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா? வி.35 பிளாக் கனமானது. திருகு போடாமல் தொங்கவிட்டால் தன் எடையிலேயே மெல்லக் கழன்றுவிடும். பெருக்க வருபவரின் துடைப்பம் பட்டாலும் போதும். 'ஷோ கன்ட்ரோலர்ஸ்' என்ற கட்டளை எந்த வகைக் கேபிள் மாட்டியிருக்கிறது, அல்லது கேபிளே தெரியவில்லையா என்பதைக்கூடச் சொல்லிவிடும். 'ஷோ இன்டர்ஃபேசஸ் சீரியல்' திரையின் கடைசி வரியில் டி.சி.டி., டி.எஸ்.ஆர்., டி.டி.ஆர்., ஆர்.டி.எஸ்., சி.டி.எஸ். என்று ஐந்து சிக்னல்கள். டி.டி.ஆரும் ஆர்.டி.எஸ்ஸும் ரவுட்டர் அனுப்புபவை, மற்ற மூன்றும் மோடம் அனுப்புபவை. மோடம் தயார் என்று சொல்லும் டி.எஸ்.ஆர். இருந்து, கேரியரைச் சொல்லும் டி.சி.டி. மட்டும் இல்லையென்றால் மோடமும் கேபிளும் உயிரோடு இருக்கின்றன, வெளிக்கம்பியில்தான் கோளாறு என்று அறையை விட்டு வெளியே போகாமலே சொல்லிவிடலாம். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. சில மோடங்களில் டி.சி.டி.யை நிரந்தரமாக 'ஆன்' நிலையில் வைக்கும் அமைப்பு இருக்கும். அப்படி வைத்திருந்தால் செம்பு அறுந்து கிடந்தாலும் போர்ட் அப் என்றே காட்டும்.

போர்ட் அப், புரோட்டோகால் டவுன். ஆட்களை அதிகம் சுற்றவைப்பது இந்த நிலைதான். சிஸ்கோவின் எச்.டி.எல்.சி. முறையில் ஒவ்வொரு ரவுட்டரும் 10 விநாடிக்கு ஒருமுறை கீப்அலைவ் என்ற சிறு செய்தியை வரிசை எண்ணோடு அனுப்பும். மறுமுனையிலிருந்து கடைசியாகக் கேட்ட எண்ணையும் அதே செய்தியில் சேர்த்துத் திருப்பிச் சொல்லும். மூன்று முறை பதில் தவறினால் லைன் புரோட்டோகால் விழுந்துவிடும். 'டிபக் சீரியல் இன்டர்ஃபேஸ்' போட்டால் மூன்று எண்கள் ஓடுவதைப் பார்க்கலாம். மைசீக் நாம் அனுப்பியது. மைன்சீன் நம் எண்களில் மறுமுனை கடைசியாகப் பார்த்தது. யுவர்சீன் மறுமுனையின் எண்ணில் நாம் கடைசியாகப் பார்த்தது.

இந்த மூன்று எண்களில் எத்தனை தகவல் இருக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மைசீக் 412, 413, 414 என்று ஏறுகிறது. யுவர்சீனும் ஏறுகிறது. மைன்சீன் மட்டும் 409-லேயே நிற்கிறது. அப்படியானால் மறுமுனை பேசுவது நமக்குக் கேட்கிறது, நாம் பேசுவது அங்கே கேட்கவில்லை. உடைந்திருப்பது போகும் திசை மட்டும். பழைய நான்கு கம்பி மோடங்களில் அனுப்ப ஒரு ஜோடி, வாங்க ஒரு ஜோடி; எந்த ஜோடியில் பழுது என்று லைன்மேன் கிளம்புமுன்பே சொல்லிவிடலாம். மைன்சீன், யுவர்சீன் இரண்டும் நின்றிருந்தால் முழுத் தடமும் போயிருக்கலாம், அல்லது இரு முனைகளும் வேறு வேறு புரோட்டோகாலில் பேசிக்கொண்டிருக்கலாம். ஒரு முனையின் ரவுட்டர் கெட்டு, அவசரத்துக்கு வேறு கம்பெனிக் கருவியைப் பொருத்தும்போது இது சாதாரணமாக நேர்கிறது. சிஸ்கோவின் எச்.டி.எல்.சி. அந்தக் கம்பெனிக்கே உரியது. மற்றக் கருவிகளோடு பேச பி.பி.பி.தான் பொது மொழி. இரண்டு பக்கமும் பி.பி.பி. வைத்தும் வரவில்லையென்றால் பாஸ்வேர்டைப் பாருங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு போதும்.

யுவர்சீன் எண்ணும் மைசீக் எண்ணும் ஒன்றாகவே ஓடினால்? ரவுட்டர் தன் குரலைத் தானே கேட்கிறது. 'லூப்டு' என்று திரையும் எழுதிவிடும். எக்ஸ்சேஞ்சில் யாரோ சோதனைக்கு லூப் போட்டிருக்கிறார், எடுக்க மறந்துவிட்டார். ஷிஃப்ட் மாறுகிறது, பழுதைப் பதிவு செய்தவர் வீட்டுக்குப் போகிறார், மறுநாள் காலை வருகிறவருக்கு லூப் விஷயம் தெரியாது. ஒரு துண்டுச் சீட்டு எம்.டி.எஃப். சட்டத்தில் ஒட்டியிருந்தால் ஓர் அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

ஆனால் அதே லூப்தான் பழுது பார்ப்பவரின் மிகக் கூரிய ஆயுதம். முதலில் தன் மோடத்திலேயே லூப் போடுவது. ரவுட்டர் 'லூப்டு' என்று காட்டினால் ரவுட்டர், கேபிள், மோடத்தின் ரவுட்டர் பக்கம் மூன்றும் நல்லவை. அடுத்து உள்ளூர் எக்ஸ்சேஞ்சிலிருந்து இந்தப் பக்கமாக லூப். அது வந்தால் உள்ளூர்ச் செம்பும் நல்லது. அடுத்து மறுமுனை எக்ஸ்சேஞ்ச், கடைசியாக மறுமுனை மோடம். எந்தப் படியில் லூப் தெரியாமல் போகிறதோ, அந்தப் படிக்கும் முந்தைய படிக்கும் நடுவே பழுது. பி.பி.பி. ஓடும் லைனில் லூப் போட்டால் இணைப்பு எழும்பாது. தன்னை அடையாளம் காட்ட அனுப்பும் மாய எண் தனக்கே திரும்பி வருவதைக் கண்டு அது மறுத்துவிடும். அதனால் சோதனை நேரத்துக்கு மட்டும் எச்.டி.எல்.சி.க்கு மாற்றிவிட்டு, முடிந்ததும் திரும்ப மாற்ற வேண்டும். லூப் இருக்கும்போது ரவுட்டர் தன் சீரியல் முகவரிக்கே பிங் என்ற சோதனைப் பாக்கெட்டை அடிக்கலாம். அந்தப் பாக்கெட் கம்பியில் வெளியேறி, லூப்பைத் தொட்டுத் திரும்பும். தனக்குத் தானே பிங் அடிப்பதில் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. சீரியல் லைனில் அது முழுக் கம்பியையும் அளக்கிறது.

இதுவரை சொன்னவை லைன் செத்துப்போன கதைகள். உயிரோடு இருந்துகொண்டே இழுத்துப் பறிக்கும் லைன்தான் மக்களை அதிகம் வருத்துகிறது. பிங் அடித்தால் ஐந்துக்கு ஐந்தும் வருகிறது. லைன் நல்லா இருக்கு என்று இன்ஜினியர் போனை வைத்துவிடுகிறார். பட்டா நகல் பக்கம் மட்டும் பாதியில் நிற்கிறது.

ஏன் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். பத்து லட்சம் பிட்டுக்கு ஒரு பிட் தவறுகிற லைன் என்று வைத்துக்கொள்வோம். கேட்கத் தூய்மையான லைன் போலத் தோன்றும். சிஸ்கோவில் சாதாரண பிங் 100 பைட் கொண்ட ஐந்து பாக்கெட். மொத்தம் 4000 பிட். அதில் தவறு விழ வாய்ப்பு ஆயிரத்தில் நான்கு. அதாவது பிங் கிட்டத்தட்ட எப்போதும் ஜெயிக்கும். உண்மையான வேலையில் பாக்கெட் 1500 பைட், 12,000 பிட். நூற்றில் ஒன்றுக்கு மேல் அடிபடும். அறுபது பாக்கெட்டில் வரும் ஒரு பக்கத்தை எடுத்தால், ஏறக்குறைய இரண்டு பக்கத்துக்கு ஒன்றில் குறைந்தது ஒரு பாக்கெட்டாவது தொலைந்து மறுபடி கேட்க வேண்டிவரும். இதனால்தான் அனுபவசாலிகள் வெறும் பிங்கை நம்புவதில்லை. 1500 பைட் அளவில், ஆயிரக்கணக்கில், எல்லாம் பூஜ்ஜியமாக ஒருமுறை, எல்லாம் ஒன்றாக ஒருமுறை, மாறி மாறி ஒருமுறை என்று அனுப்பிப் பார்க்கிறார்கள்.

கூடவே சி.ஆர்.சி. எனப்படும் பிழைக் கவுன்ட்டரைப் பார்க்கிறார்கள். இங்கே ஒரு சின்ன ஒழுங்கு தேவை. திரையில் 48,000 பிழை என்று இருப்பதைப் பார்த்துப் பதறக் கூடாது. அது இரண்டு வருடமாகச் சேர்ந்ததாக இருக்கலாம். கவுன்ட்டரை அழித்துவிட்டு, மணி பார்த்து எழுதி, ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். உள்ளே வரும் பிழைகள் மொத்தப் போக்குவரத்தில் 1 சதவிகிதத்தைத் தாண்டினால் லைன் நோயுற்றது என்பது சிஸ்கோ தரும் வழிகாட்டல். கேரியர் டிரான்சிஷன் எண்ணிக்கை ஏறினால் சிக்னல் வந்து வந்து போகிறது, வெளிக்கம்பியைப் பார். இன்டர்ஃபேஸ் ரீசெட் மட்டும் ஏறி, கேரியர் அசையாமல் இருந்தால் நெரிசலோ கருவிக் கோளாறோ. லோடு 255-க்கு 255 என்று காட்டி, வெளியே போகும் பாக்கெட்டுகள் விழுந்துகொண்டிருந்தால் அது பழுதே அல்ல. லைன் போதவில்லை, அவ்வளவுதான். மாதக் கடைசியில் அதைப் பழுதென்று பதிவு செய்து லைன்மேனை வெயிலில் நடக்கவிடுவது நியாயமில்லை.

பிழைகள் சரியான இடைவெளியில், தாளம் தவறாமல் வந்தால் கடிகாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். சீரியல் தடத்தில் ஒரே ஒரு கடிகாரம்தான் ஆளவேண்டும். வலைப்பின்னல் தரும் கடிகாரத்தை மோடம் வாங்கி ரவுட்டருக்குத் தரவேண்டும். ரவுட்டர் அதன்படி ஓடவேண்டும். யாரோ ஒருவர் மோடத்தை 'இன்டர்னல்' நிலைக்கு மாற்றிவிட்டால் இரு கடிகாரங்கள் சேர்ந்துவிடும். இரண்டுக்கும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தால் 125 விநாடிக்கு ஒரு ஃபிரேம், அதாவது 256 பிட், தொலையும் அல்லது இரட்டிக்கும். இ-1 தடத்துக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை இருபுறமும் பத்து லட்சத்துக்கு 50. இரண்டு கடிகாரமும் எதிரெதிர் எல்லையில் நின்றால் ஒன்றேகால் விநாடிக்கு ஒரு சறுக்கல். 2 மெகாபிட் வேகத்தில் ஒரு பிட்டின் ஆயுள் 488 நானோ விநாடி. வசதிக்காக மோடத்தை வேறு அறையில் வைத்து வி.35 கேபிளை நீட்டுகிற அலுவலகங்களில், கேபிளின் தாமதமே அதில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். கடிகாரத்தைத் திருப்பிப் போடும் ஒரு கட்டளை அதைச் சரிசெய்யலாம். அதைவிட நல்லது மோடத்தை ரவுட்டர் பக்கத்திலேயே வைப்பது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழுது பார்க்கும் கையேடுகளில் பெரும்பாலானவை அமெரிக்கத் தடங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பெல் நிறுவனம் 1962-இல் ஓடவிட்ட டி-1 தடம் 24 வாய்க்கால்கள், 1.544 மெகாபிட். தொடர்ந்து பூஜ்ஜியங்கள் வந்தால் அதன் பழைய குறியீட்டு முறை தடுமாறும். கையேட்டின் பல பக்கங்கள் அதற்கே போய்விடும். இந்தியா எடுத்துக்கொண்டது ஐரோப்பாவின் இ-1: 32 வாய்க்கால்கள், 2.048 மெகாபிட். நான்கு பூஜ்ஜியம் சேர்ந்தாலே மாற்றிப் போடும் குறியீடு அதில் உள்ளது. இங்கே பார்க்க வேண்டியவை வேறு: 75 ஓம் கோஆக்சியல் கேபிளை 120 ஓம் போர்ட்டில் மாட்டியிருக்கிறார்களா, சி.ஆர்.சி.-4 பிழைச் சோதனை ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லையா, எந்தெந்த வாய்க்கால்கள் ஒதுக்கப்பட்டன என்பதில் இரு முனைகளும் ஒத்துப்போகின்றனவா. கையேட்டை மனப்பாடம் செய்த இளைஞர்கள் இல்லாத நோயைத் தேடிக்கொண்டிருக்க, இருக்கும் நோய் கேட்பாரற்றுக் கிடக்கும்.

மழை தொடங்கினால் செம்பு தன் கதையைச் சொல்ல ஆரம்பிக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது மண்ணுக்குள் உள்ள ஜாயிண்டில் நீர் புகுந்து, காப்புத் தடை விழுந்து, பிழை ஏறும். வெயில் வந்தால் தானே சரியாகும். அடுத்த மழையில் திரும்ப வரும். "தானா வந்துடுச்சு" என்று மூடிய பழுதுப் பதிவுகளில் இந்த வகை நிறைய. இதற்கு ஒரு மல்டிமீட்டரும் காப்புத் தடையை அளக்கும் மெக்கரும் போதும். 0.5 மில்லிமீட்டர் செம்பு ஜோடி, மறுமுனையைச் சேர்த்துக் கட்டினால், கிலோமீட்டருக்குச் சுமார் 168 ஓம் காட்டும். எக்ஸ்சேஞ்ச் 3 கிலோமீட்டர் என்றால் 504 ஓம் அளவில் இருக்கவேண்டும். 700 காட்டினால் நடுவில் ஏதோ ஜாயிண்ட் பச்சை பிடித்திருக்கிறது. எல்லையில்லாமல் காட்டினால் அறுந்திருக்கிறது; அப்போது மின்தேக்க அளவை எடுத்தால், கிலோமீட்டருக்குச் சுமார் 50 நானோ ஃபாரட் என்ற கணக்கில், எங்கே அறுந்தது என்று தூரம் கிடைக்கும். 90 நானோ ஃபாரட் காட்டினால் 1.8 கிலோமீட்டரில். சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையைப் போன்ற ரோட்டோரங்களில் எந்தப் பள்ளம் புதிதாகத் தோண்டப்பட்டது என்று லைன்மேனுக்குத் தெரியும். இந்த எண் கையில் இருந்தால் நேராக அங்கே வண்டியை நிறுத்துவார்.

மலைக்கு இந்தச் செம்புக் கணக்கு செல்லாது. கிலோமீட்டருக்கு 168 ஓம் என்றால் 40 கிலோமீட்டருக்கு 6700 ஓம் தாண்டும்; சில கிலோமீட்டருக்காகச் செய்த மோடம் அதில் மூச்சுவிட முடியாது. மேலே போவது ரேடியோ அல்லது கண்ணாடியிழை. செம்பு மலைமேல் எக்ஸ்சேஞ்சைச் சுற்றிய கொஞ்ச தூரம் மட்டும். ஆகவே மலைமேல் முதல் கேள்வியே வேறு. நம் லைன் மட்டும் போனதா, ஊரில் எல்லாருடையதும் போனதா? பக்கத்துத் தபால் அலுவலகத்தில், வங்கியில் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். எல்லாம் போயிருந்தால் கரண்ட், பேட்டரி, கோபுரம், நடுவழிக் கண்ணாடியிழை என்று யோசிக்க வேண்டும். ரவுட்டரைத் தொடவே வேண்டாம். ஒன்று மட்டும் போயிருந்தால் தன் அறையிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்தது இடி. கோடை மழையின் மின்னல் மலைமுகட்டுக் கட்டடங்களைத் தேடி வரும். எர்த் சரியில்லாத அறையில் மின்னல் ரவுட்டரை முழுதாகக் கொல்லாது. சீரியல் கார்டின் ஒரு டிரைவர் சில்லைப் பாதி கொல்லும். அதன் பிறகு கார்டு சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட்டேஜ் 2-க்கு மேல் இருந்தால் லைனைக் குறை சொல்லுமுன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

இத்தனையும் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,569 பேர் பிஎஸ்என்எல்லில் விருப்ப ஓய்வு பெற்றார்கள். ஜாயிண்டின் இடத்தை மரத்தையும் மைல்கல்லையும் வைத்து நினைவில் வைத்திருந்தவர்கள் அவர்களில் அநேகர். அந்த நினைவுக்கு வரைபடம் கிடையாது. ரவுட்டர் பக்கத்திலும் காலம் ஓடிவிட்டது. ஆயிரக்கணக்கான அலுவலகங்களில் சீரியல் கார்டோடு ஓடிய சிஸ்கோ 2800 வரிசைக்கு உற்பத்தியாளரின் ஆதரவு 2016 அக்டோபரோடும், அதன் பின் வந்த 2900 வரிசைக்கு 2022 டிசம்பரோடும் முடிந்தது.

அந்த இடத்துக்கு வருவது கண்ணாடியிழையும் ஈதர்நெட்டும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளைக் கண்ணாடியிழையால் இணைக்கும் பாரத்நெட் இரண்டாம் கட்டம் டான்ஃபினெட் நிறுவனத்தின் பொறுப்பு. செல்போன் அலை எட்டாத கிராமங்களுக்கு 4ஜி தரும் 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேகம் நூறு மடங்கு கூடும். அதில் சந்தேகமில்லை, அது வரவேண்டியதுதான். ஆனால் பழுது பார்ப்பவர் ஒன்றை இழக்கிறார். சீரியல் லைனில் மறுமுனை செத்தால் முப்பது விநாடியில் ரவுட்டர் சொல்லிவிடும். ஈதர்நெட்டில் பக்கத்து மீடியா கன்வெர்ட்டர் உயிரோடு இருந்தாலே விளக்கு பச்சை. நடுவழியில் இழை அறுந்து கிடந்தாலும் அலுவலகத்துப் பெட்டி சிரித்துக்கொண்டே இருக்கும். கீப்அலைவ் செய்த வேலையைச் செய்ய பி.எஃப்.டி. என்ற நெறிமுறை 2010-லேயே வந்துவிட்டது. அதை யாராவது இயக்கி வைத்தால்தான் அது பேசும். சிறிய அலுவலகங்களின் இணைப்பில் அதைப் பெரும்பாலும் யாரும் இயக்குவதில்லை என்பது வருந்தத்தக்கது.

ஆகவே கேட்க வேண்டியவற்றை இப்போதே, ஒப்பந்தம் எழுதும்போதே கேட்டு வாங்க வேண்டும். இணைப்பு ஒப்படைக்கும் நாளில் இரு முனைகளிலும் அளந்த ஒளியின் அளவு டெசிபலில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டப்பட வேண்டும். ஓ.டி.டி.ஆர். என்ற இழைச் சோதனைக் கருவி வரைந்த கோட்டில் ஒவ்வொரு ஜாயிண்டும் எத்தனையாவது மீட்டரில், எந்த மின்கம்பத்தில் என்ற பட்டியலின் ஒரு பிரதி ஒன்றிய அலுவலகத்தில் இருக்க வேண்டும். கச்சிராயபாளையத்திலிருந்து மலையேறும் பாதையில் மரம் விழுந்த இரவில் அந்தப் பட்டியல்தான் ஜீப்பை எங்கே நிறுத்துவது என்று சொல்லும். பழுது பதிவு செய்யும்போது "நெட் இல்லை" என்ற ஒரு வரிக்குப் பதிலாக நான்கு தகவல்கள் பதிவாக வேண்டும்: எத்தனை மணிக்கு நின்றது, பக்கத்து அலுவலகத்தில் இருக்கிறதா, அப்போது மழையா மின்வெட்டா, பெட்டியில் எந்த விளக்கு எப்படி எரிகிறது. கம்ப்யூட்டர் ஆபரேட்டர் எவரும் ஒரு நோட்டில் இதை இரண்டு நிமிடத்தில் எழுதலாம். அந்த நோட்டுக்கு எல்லா ஒன்றிய அலுவலகங்களிலும் ஒரே படிவம் அச்சிட்டுத் தருவதற்கு ஓர் அலுவலகத்துக்கு ஆகும் செலவு, மலையிலிருந்து வந்த ஒரு குடும்பம் இரண்டாம் தடவை பஸ் ஏறும் செலவை விடக் குறைவு.